"புது சாரா? எத்தன மாசத்துக்கு?"

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கிறவங்க வாங்க. பாதியில் விட்டுட்டுப் போனாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். நான் டியூட்டியில் சேர்ந்த முதல் நாள். ஓ.பி. சீட்டை நீட்டின ஒரு பாட்டி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "புது சாரா? எத்தன மாசத்துக்கு?"

கிண்டல் எல்லாம் இல்லை. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. அவங்களுக்கு சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. இந்த ஆள்கிட்ட கதையை முதலிலிருந்து சொல்லணுமா, இல்லை பழைய மாத்திரையை மட்டும் வாங்கிட்டுக் கிளம்பிடலாமான்னு முடிவு பண்ண அந்தக் கணக்கு அவங்களுக்குத் தேவைப்பட்டது.

"பாப்போம் பாட்டி"ன்னு சொன்னேன். மூணு வருஷம் இருந்தேன். பி.ஜி. சீட் கிடைச்சது, கிளம்பிட்டேன்.

அதனால் இதை ஒரு சேவைச் செம்மலின் பதிவா வாசிக்க வேண்டாம். கிளம்பிப் போன ஒருத்தனின் பதிவு இது. ஏன் கிளம்புறோம், என்ன இருந்திருந்தா தங்கியிருப்போம் என்பதை மனசுவிட்டுச் சொல்லலாம்னு எழுதுறேன்.

நான் தோவாளைப் பக்கம். வயல், குளம், பூச்சந்தை, ஆரல்வாய்மொழிக் காத்து. கடற்கரைக்கு போஸ்டிங் ஆர்டர் வந்த அன்னைக்கு வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்துச்சு. பெரியம்மா போன் போட்டாங்க. "கடப்பொறத்துலயா போட்டிருக்காவ? ஆரையாவது பிடிச்சு மாத்தப்பிடாதா மக்கா?"

எவ்வளவு தூரம் தெரியுமா? எங்க வீட்டிலிருந்து அந்த நிலையத்துக்கு நாற்பத்தஞ்சு கிலோமீட்டர்கூட இல்லை. சென்னைக்காரங்க தினமும் வேலைக்குப் போய்வர்ற தூரம். மாவட்டமே சின்னது. நீரோடியிலிருந்து குமரி முனை தாண்டி ஆரோக்கியபுரம் வரைக்கும் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். அதுக்குள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை, இனயம், குளச்சல், கடியபட்டணம், முட்டம், மணக்குடின்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. காடும் இல்லை, மலையும் இல்லை. பஸ் போகுது. ஆனா எங்க பெரியம்மா எழுபது வயசு வரைக்கும் அந்த ஊர்களில் ஒண்ணில்கூட கால் வச்சதில்லை. மீன் மட்டும் தினமும் வீட்டுக்கு வரும்.

"ரிமோட்"னு நாம ஒரு ஊரைச் சொல்றோமே, அதை யார் எங்கே நின்னு சொல்றாங்கன்னு பாருங்க. நாகர்கோவிலில் நின்னு சொன்னா தூத்தூர் தூரம். தூத்தூர்க்காரருக்கு கொச்சி பக்கம், மங்களூர் பக்கம், குஜராத் கரையும் பழகின இடம். உலகத்தில் எங்கேயெல்லாம் சுறா கிடைக்கும்னு தெரிஞ்ச ஆழ்கடல்காரங்க அவங்க. அவங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு டாக்டர்தான்.

வேலை எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். மெடிக்கல் காலேஜில் யாரும் சொல்லித்தராத விஷயங்கள்.

முதல்ல பாஷை. நான் இதே மாவட்டத்துக்காரன் என்பதால் தப்பிச்சேன். எனக்கு முன்னாடி இருந்த மதுரைக்காரர்கிட்ட ஒரு அம்மா வந்து "பிள்ளைக்கு ரெண்டு நாளாட்டு பனி"ன்னு சொல்லியிருக்காங்க. அவர் "ஃபேனைக் குறைச்சு வைங்கம்மா, ஸ்வெட்டர் போடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார். அங்கே பனின்னா காய்ச்சல். அந்த ஊரில் இன்னைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாங்க.

அடுத்தது முள். திருக்கை வாலில் அடிபட்டு, கெளுத்தி முள் ஏறி வருவாங்க. கல்லு மாதிரி மனுஷன், பெட்டில் சுருண்டு அழுவார். அதுக்கு ஊசிக்கு முன்னாடி செய்யவேண்டியது வெந்நீர். தாங்குற சூட்டில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாம, ஒரு மணி நேரம் வரைக்கும் காலை முக்கி வைக்கணும். அந்த விஷம் ஒரு புரதம், சூட்டில் சிதையும். வலி கண்ணுக்கு முன்னாடி இறங்கும். அப்புறம் முள் துண்டு உள்ளே இருக்கான்னு பார்க்கணும், டிடி போடணும். காலில் உணர்ச்சி குறைஞ்ச சுகர்காரங்களுக்குச் சூட்டை வேறொருத்தர் கை வச்சுப் பார்த்துத்தான் முக்கணும். இல்லைன்னா முள்ளுக்கு வந்தவர் தீக்காயத்தோட போவார். கடலுக்குப் போறவங்க இதை எழுதி வச்சுக்கோங்க.

ஆனா ஓ.பி.யில் பாதிக்கு மேல் முள்ளும் இல்லை, பனியும் இல்லை. சுகர், பிரஷர். இங்கேதான் நம்ம திட்டங்களுக்கும் கடலுக்கும் ஒத்துவராத இடம் வருது.

மாத்திரை பொதுவா ஒரு மாசக் கணக்கில் கொடுப்போம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கின பிறகு வீட்டுக்கே வந்து கொடுக்குறாங்க. நல்ல திட்டம், பெண்களுக்கும் முதியவங்களுக்கும் அது பெரிய உதவி. ஆனா தங்கல் தொழிலுக்குப் போற ஆள் ஏறினா முப்பது நாள், நாற்பது நாள் கடலில் இருப்பார். கரை பிடிக்கிறது கொச்சியா இருக்கும், மங்களூரா இருக்கும், ரத்னகிரியா இருக்கும். தேடிப் போற மருத்துவம் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஆள் அரபிக்கடல் நடுவில். மாத்திரை தீர்ந்து பதினஞ்சு நாள் ஆகியிருக்கும். சாப்பாட்டு உப்பு, தூக்கமில்லாத ராத்திரி, வலை இழுக்கிற பாரம். பிரஷர் 200ஐத் தொட்டாலும் தலைவலின்னு ஒரு தைலத்தைத் தேய்ச்சுட்டு இருப்பார்.

நான் அறுபது நாளுக்கு எழுதிக்கொடுக்க ஆரம்பிச்சேன். மருந்தாளுநர் முதலில் முறைச்சார். ஸ்டாக் கணக்கு இடிக்கும். அப்புறம் அவரே "சாரே, இவரு ஆழக்கடலு"ன்னு சீட்டு மூலையில் குறிச்சு அனுப்ப ஆரம்பிச்சார். சின்ன விஷயம்தான். ஆனா ஒரு வருஷமாவது அந்த ஊரில் இருந்தாத்தான் இது கண்ணில் படும். ஆறு மாசத்துக்கு ஒரு டாக்டர் மாறினா ஒவ்வொருத்தரும் முதலிலிருந்து இதைக் கண்டுபிடிக்கணும்.

ஜூன், ஜூலை வந்தா நிலைமை தலைகீழ். மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஆம்பளைங்க எல்லாம் கரையில். அந்த ரெண்டு மாசத்தில் ஊர் முழுக்கப் பிரஷர் பார்த்துடலாம், கண் பார்த்துடலாம், காலில் உணர்ச்சி பார்த்துடலாம். முகாம் போடணும்னா அப்பத்தான் போடணும். ஒரு வருஷம் எங்களுக்கு முகாம் தேதி அக்டோபரில் வந்துச்சு. பெண்களும் குழந்தைகளும் வந்தாங்க, நல்லாத்தான் நடந்துச்சு. யாருக்காகப் போட்டோமோ அவங்க லட்சத்தீவுப் பக்கம் இருந்தாங்க.

பெரிய விபத்துகள் நடக்கும்போது இந்தக் கரைக்கு எல்லாரும் வருவாங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர் செத்தாங்க. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. அப்போ நாடு முழுக்க இருந்து டாக்டர்கள் வந்தாங்க. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நூற்றுக்கும் மேல் போனாங்க, பலருக்கு உடல்கூடக் கிடைக்கலை. அப்பவும் வந்தாங்க. கவுன்சலிங், மருந்து, கேமரா. சில வாரங்கள். அதுக்கப்புறம், உடல் கிடைக்காத புருஷனுக்காக மூணு வருஷமாத் தூக்கம் வராத பெண் ஓ.பி.யில் வந்து உட்காரும்போது, எதிரில் யாரோ ஒரு புது சார் இருப்பார். அவங்க "தலைவலி"ன்னு மட்டும் சொல்லுவாங்க. அவரும் பாரசிட்டமால் எழுதுவார். ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை.

இப்போ நான் சொல்ல விரும்பாத ராத்திரி.

நிலையத்தை ஒட்டி டாக்டருக்குக் குவார்ட்டர்ஸ் இருந்துச்சு. பேருக்குத்தான். உப்புக்காத்தில் ஜன்னல் கம்பியைப் பிடிச்சா கையோட வரும். கூரை ஒழுகும். கல்யாணம் ஆகிக் கைக்குழந்தையோட அங்கே குடியிருக்க முடியாது. ஊருக்குள்ள வாடகைக்குக் கேட்டேன். கடலரிப்பில் வீடு போனவங்களே வாடகைக்கு அலையுற ஊர் அது. அதனால் நாகர்கோவிலில் வீடு எடுத்தேன். பகலில் டியூட்டி, ராத்திரியில் போன். நம்ம மாநிலத்தில் ஏகப்பட்ட டாக்டர்கள் இப்படித்தான் இருக்கோம்.

ராத்திரி ஒண்ணரை இருக்கும், நர்ஸ் கூப்பிட்டாங்க. நாற்பத்தெட்டு வயசு ஆள், நெஞ்சுவலி, வேர்த்துக்கொட்டுது. ஈ.சி.ஜி.யை வாட்ஸ்அப்பில் அனுப்பினாங்க. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, பெரிய மாரடைப்பு. ஆஸ்பிரின், க்ளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் கொடுக்கச் சொன்னேன். 108 ஏற்பாடு பண்ணச் சொன்னேன். அந்த நர்ஸ் ஒரு நிமிஷம்கூட வீணாக்கலை. நான் வண்டியை எடுத்துக் கிளம்பிப் பாதி வழியில் ஆம்புலன்ஸைச் சந்திச்சேன். ஏறினேன். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் போறதுக்குள்ள நின்னுபோச்சு. சி.பி.ஆர். கொடுத்துக்கிட்டே போனோம்.

நான் அங்கேயே குடியிருந்திருந்தா பிழைச்சிருப்பாரா? தெரியாது. அந்த ஈ.சி.ஜி.க்குப் பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனா அவர் மனைவி என்கிட்டக் கேட்டது அது இல்லை. "சாரு எங்க இருந்து வாறிய?"ன்னு கேட்டாங்க. நாகர்கோவில்னு சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாங்க.

இதுக்குத்தான் நம்ம ஊரில் ரெண்டு பதில் தயாரா இருக்கும். ஒண்ணு, "இந்தக் காலத்து டாக்டருங்களுக்கு சேவை மனப்பான்மையே இல்லை." இன்னொண்ணு, "கட்டாயமா மூணு வருஷம் போட்டா சரியாயிடும்." ரெண்டையும் டிவி விவாதத்தில் கேட்டிருப்பீங்க. மூணாவதா ஒரு பதில் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சது நாம இல்லை, ஸ்காட்லாந்துக்காரங்க. நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

ஸ்காட்லாந்து எங்கே இதில் வந்துச்சுன்னு கேட்பீங்க. என் ஜூனியர் ஒருத்தன் இப்போ அங்கே வடகோடியில் விக் என்ற கடலோர ஊரில் வேலை பார்க்கிறான். வீடியோ காலில் ஜன்னலைத் திறந்து காட்டுவான். சாம்பல் நிறக் கடல், கல் வீடுகள், ஆள் நடமாட்டமே இல்லாத தெரு. ஒரு காலத்தில் ஹெர்ரிங் மீனுக்குப் பேர்போன துறைமுகம். டிசம்பரில் மூணரை மணிக்கே இருட்டிடுமாம். அங்கேயும் டாக்டர் பஞ்சம்தான். 2016க்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பெண்களில் பெரும்பாலோர் பிரசவத்துக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பயணம் பண்ணி இன்வெர்னஸ் போகவேண்டியிருக்கு. அதை அங்கத்து மக்கள் விடாமச் சண்டை போட்டுக் கேட்கிறாங்க. அவங்க சொர்க்கத்தில் இருக்காங்கன்னு நான் சொல்ல வரலை.

ஆனா அவன் மூலமாத்தான் டியூவர் கமிட்டி பற்றித் தெரிஞ்சது. 1912. சர் ஜான் டியூவர் தலைமை. விஸ்கி பாட்டிலில் அந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க, அதே குடும்பம்தான். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதி, தீவுகள். நிலத்தில் கிட்டத்தட்ட பாதி, ஜனம் சுமார் 3 லட்சம். மீன்பிடிச்சும் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டும் பிழைச்ச ஏழைகள். டாக்டருக்குக் கொடுக்கக் காசு கிடையாது, அதனால் டாக்டரும் தங்கலை. டாக்டர் பார்க்காததால் பல ஊர்களில் சாவுக்குக் காரணம் எழுதிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. கமிட்டி லண்டனில் உட்காராம தீவுகளுக்கும் கடலோர ஊர்களுக்கும் போய், டாக்டர்கள், நர்ஸுகள், ஊர்க்காரங்கன்னு நேரில் உட்காரவச்சுக் கேட்டது.

அவங்க எழுதின அறிக்கையில் டாக்டர்களைத் திட்டலை. சரியான வீடு இல்லைன்னு எழுதினாங்க. போய்வர்ற செலவை டாக்டரே சுமக்கிறார்னு எழுதினாங்க. லீவு எடுத்தா பார்த்துக்க ஆள் இல்லாததால் வருஷக்கணக்கா லீவே எடுக்காதவங்க இருக்காங்கன்னு எழுதினாங்க. 1913ல் சட்டம் வந்தது, வருஷத்துக்கு 42,000 பவுண்ட் அரசுப் பணம். டாக்டருக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி, பயணச் செலவு, நர்ஸுகள். பிரிட்டன் முழுக்க என்.எச்.எஸ். வந்தது 1948ல். அதுக்கு 35 வருஷம் முன்னாடியே அந்தக் கடலோரத்தில் அரசு மருத்துவம் வந்துடுச்சு. 1933ல் ஐலே தீவிலிருந்து கிளாஸ்கோவுக்கு விமானத்தில் நோயாளியைக் கொண்டுபோனாங்க. முதலில் போனவர் ஒரு மீனவர். இதை வாசிச்ச அன்னைக்கு எனக்கு அந்த 108 ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

வெள்ளைக்காரன் கதை எதுக்குன்னு சிலர் கமெண்டில் வருவீங்க. சரி, நம்ம ஊருக்கே வருவோம். நெய்யூர். குளச்சலுக்குப் பக்கம். 1838ல் அங்கே லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வந்தார், நீண்ட நாள் நிலைக்கலை. அடுத்து வந்த லீச், 1854ல் முட்டம் கடலில் குளிக்கப்போய் மூழ்கி இறந்தார். அதோட மறுபடியும் இடைவெளி. 1861ல் வந்த ஜான் லோவ்தான் விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டார்னு நினைக்கிறேன். கப்பலில் வர்ற டாக்டரை மட்டும் நம்பினா இது ஓடாது. உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு தொடங்கினார். அவங்க படிச்சு சுத்துப்பட்டு ஊர்களில் கிளை மருந்தகங்களைப் பார்த்துக்கிட்டாங்க. லோவ் சில வருஷத்தில் ஊர் திரும்பி எடின்பரோ மருத்துவ மிஷன் சங்கத்தை நடத்தினார். இங்கே அவர் படிக்கவச்ச பையன்கள் இருந்தாங்க.

நெய்யூரில் எல்லாரும் சொல்றது சோமர்வெல் கதைதான். 1922 எவரெஸ்ட் பயணம் முடிஞ்சு ஊர் சுத்த வந்தவர், நெய்யூரில் ஒரே ஒரு சர்ஜனும் முடிவில்லாத வரிசையும் இருப்பதைப் பார்த்து இங்கேயே வேலை பார்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்டார். அபாரமான மனுஷன், சந்தேகமே இல்லை. ஆனா சோமர்வெல்லை நம்பி ஒரு சுகாதாரத் துறையை நடத்த முடியாது. நூறு வருஷத்தில் அப்படி ஒருத்தர் வருவார். லோவ் செஞ்சதை ஒவ்வொரு வருஷமும் செய்யலாம்.

அதனால் எனக்கு ரெண்டே கோரிக்கைதான். முதலாவது வீடு. நிலையக் கட்டடத்துக்கு வண்ணம் அடிக்கிற காசில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் உப்புக்காத்தைத் தாங்குற வீடு. கூடவே, ஒரு நிலையத்துக்கு ஒருத்தர்னு தனியா விடாம, பக்கத்துப் பக்கத்து நிலையங்களைச் சேர்த்து ராத்திரி முறை. தனியா 24 மணி நேரமும் போனைக் கையில் வச்சிருக்கிறவன் ஒரு வருஷத்தில் உள்ளுக்குள்ள காலியாயிடுவான். சம்பளம் பற்றி வேறொரு நாள் எழுதுறேன், அது தனிப் புலம்பல்.

ரெண்டாவது, கடற்கரைப் பிள்ளைகள் டாக்டராகணும். இதில் நிறைய பேருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கு. 2020ல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு அருமையான சட்டம். கொத்தனார் மகள், ஆடு மேய்க்கிறவர் மகன் எல்லாம் எம்.பி.பி.எஸ். சேர்ந்ததை நாம கொண்டாடினோம். ஆனா அது ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு. அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. எங்க கடற்கரையில் பல ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறது பங்குக் கோயிலை ஒட்டின உதவி பெறும் பள்ளியில். அதே தமிழ் வழி, அதே பாடப்புத்தகம், கட்டுமரத்தில் போற அப்பா. நீட் மார்க்கும் அதே மார்க். ஒதுக்கீடு மட்டும் கிடையாது.

"அப்போ எல்லா உதவி பெறும் பள்ளிக்கும் கொடுக்கணுமே, நகரத்தில் வசதியான பிள்ளைகளும் அதில் படிக்கிறாங்களே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பள்ளியைப் பார்க்காம ஊரையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து, மீனவ ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியா ஒரு வழி பண்ணலாம்; படிச்சு முடிச்சு அதே கரையில் சில வருஷம் பார்க்கணும்னு ஒப்பந்தமும் போடலாம். சட்டச் சிக்கல் இருக்கும். உட்கார்ந்து பேசினா வழி வரும். இன்னமும் யாரும் உட்காரலை என்பதுதான் என் வருத்தம்.

எங்க நிலையத்தில் என் மூணு வருஷத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் மாறாம இருந்தது ஒரே ஆள், கிராம சுகாதார செவிலியர். பக்கத்து ஊர் பெண். எந்த வீட்டில் எத்தனாவது மாசம், எந்தக் கிழவர் இன்சுலினை ஃப்ரிட்ஜ் இல்லாம மண்பானையில் வச்சிருக்கார், யார் ரகசியமா மாத்திரையை நிறுத்திட்டாங்க, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். நான் எழுதின நல்ல மருந்துச்சீட்டுகளில் பாதி அவங்க காதில் சொன்னதுதான். அவங்க மகள் நல்லாப் படிப்பா. ப்ளஸ் டூவில் பயாலஜி. படிச்ச பள்ளி, கோயில் பக்கத்துப் பள்ளி.

போன வாரம் ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தெரியாத நம்பர், பின்னால் இன்ஜின் சத்தம். "சாரே, நல்லா இருக்கியளா? மாத்திர தீந்துட்டு. ரத்னகிரில கர பிடிச்சிருக்கோம். இப்ப இருக்க சாரு நம்பரு எனக்கிட்ட இல்ல, மாறிட்டே இருக்காவ. என்ன மாத்திர கேட்டு வாங்கணும்?"

பழைய அட்டையை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அம்லோடிபின் 5. அறுபது வாங்கிக்கோங்கன்னு சொன்னேன்.